கீறல் இல்லாத பதினொன்று

கால்பிடி என்பது வசவு அல்ல, வேலை. கடலுக்கு அடியில் ஒருவர் பவளப் பொந்துக்குள் தோள்வரை தலையைக் கொடுத்து நத்தை பொறுக்கிக்கொண்டிருப்பார். வெளியே இன்னொருவன் அவருடைய கணுக்காலைப் பிடித்தபடி மிதக்க வேண்டும். இடது கையில் கால், வலது கையில் படகிலிருந்து இறங்கும் கயிறு. உள்ளே இருப்பவர் இரண்டு உதை உதைத்தால் அவரை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். படகில் இருப்பவர் கயிற்றை இரண்டு முறை சுண்டினாலும் அப்படியே இழுக்க வேண்டும். மற்ற நேரத்தில் ஒன்றுமே செய்யக்கூடாது. சும்மா இருப்பதற்கு ஒரு ஆளா என்று கேட்பவர்கள் ஒரு நாள் போய்ச் சும்மா இருந்து பார்க்கட்டும், அப்போது தெரியும்.

நம்முடைய கால்பிடிக்கு இருபத்தேழு வயது. ஐந்து வருடமாக அதே வேலை, அதே கால். அந்தக் கால் அவனுடைய அக்கா புருஷனுடையது. "எல்லாரும் காலைப் பிடிச்சு முன்னுக்கு வருவாங்க. இவன் ஒருத்தன்தான் அஞ்சு வருசமா காலைப் பிடிச்சும் பின்னாலயே நிக்கிறான்" என்று படகில் உள்ளவர்கள் கிண்டல் செய்வார்கள். முதல் வருடம் அவனும் சேர்ந்து சிரித்தான். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பொறுக்குகிற நத்தை ஒன்றும் பெரிய ஜந்து இல்லை. கட்டைவிரல் நுனி அளவுதான். ஆய்வு நிலையத்தை நடத்தும் மேடம் அதைப் பவளந்தின்னி என்று எழுதுவார், வேலை செய்கிறவர்களுக்கு அது வெறும் தின்னி. முண்டும் முடிச்சுமாக ஓடு, ஓட்டின் மேல் ரோஜா நிறத்தில் கெட்டியான பாசிப் பூச்சு. பகலெல்லாம் பவளக் கிளைகளின் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். பொழுது சாய்ந்ததும் மேலே ஏறி மேயும். மேய்ந்த இடத்தில் உயிரெல்லாம் போய், வெறும் எலும்பு வெள்ளையாக நிற்கும். ஒன்றிரண்டு இருந்தால் பவளம் தாங்கிக்கொள்ளும். ஆறு வருடத்துக்கு முன்னால் அவை ஆயிரக்கணக்கில் பெருகி, ஒரு திட்டு முழுவதையும் வழித்துத் தின்றுவிட்டன. அதற்குப் பிறகுதான் நிலையம் ஆள் எடுத்தது.

பொறுக்குகிறவர்கள் ஆறு பேர். ஆளுக்கு ஒரு நீண்ட இடுக்கி, இடுப்பில் ஒரு பாட்டில், பாட்டில் மூடியில் ஒரு நம்பர். மாமா நான்காம் நம்பர். கரைக்கு வந்ததும் பாட்டில்கள் எல்லாம் அளவறைக்குப் போகும். அங்கே அக்கா உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு தின்னியையும் வெர்னியர் அளவுகோலில் பிடித்து அளந்து பதிவேட்டில் எழுதுவாள். தேதி, நம்பர், எத்தனை, எத்தனை மில்லிமீட்டர் நீளம். கால்பிடிகளுக்கு நம்பர் கிடையாது. ஐந்து வருடத்துப் பதிவேட்டைப் புரட்டினாலும் அவன் கடலுக்குப் போனதற்கு ஒரு அடையாளமும் இருக்காது.

அவனுக்கு ஏழாம் நம்பர் வேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, சாப்பிடும்போதும் அதே நினைப்பு. கண் அவனுக்குக் கூர்மையான கண். பொறுக்குகிறவர்கள் தாண்டிப் போன இடத்தில்கூட அவன் தின்னியைப் பார்த்துவிடுவான். பார்த்து என்ன பிரயோஜனம், இரண்டு கையும் கட்டிப்போட்ட மாதிரி. கரைக்கு வந்தபிறகு "அந்த வட்டப் பாறைக்குப் பின்னாடி ஒரு இருபது விட்டுட்டீங்க மாமா" என்பான். மாமா தலையைத் துவட்டிக்கொண்டே "நாளைக்கு ஓடியா போயிடும் மாப்ளே, அதுங்க நடக்கிற நடைக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

கடைசியில் ஒரு நாள் துணிந்து மேடத்திடம் கேட்டான். மேடம் மாமாவிடம் கேட்டார். மாமா சொன்ன பதில் இரண்டு நாள் கழித்து யார் வாய் வழியாகவோ அவன் காதுக்கு வந்தது. "கண்ணு நல்ல கண்ணுதாங்க. கைதான் ஒரு இடத்துல இருக்காது. இன்னும் ஒரு வருசம் போகட்டும்."

சொந்த அக்கா புருஷன்! ஊரில் எவன் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பான். அன்றைக்கு அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து போனான். "என்னடா ஆச்சு உனக்கு?" என்று அக்கா கேட்டதற்கு "வயித்து வலி" என்றான். மாமாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

அது நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அன்றைக்குக் காலை பத்து மணி வெயில். படகில் மெஷின் அண்ணன் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். அந்த கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாகத்தான் கீழே காற்றுப் போகும். அவருடைய வேலை காற்றழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பது. முள் ஏறினாலும் இறங்கினாலும் கயிற்றைச் சுண்டுவார். மனைவி போன் செய்தால்கூட எடுக்க மாட்டார், "முள்ளைப் பார்க்கிறவனைக் கூப்பிட்டு என்ன பேசறது" என்று முணுமுணுப்பார்.

கீழே மூன்று ஆள் ஆழம். மேசை மாதிரி விரிந்த ஒரு பெரிய பவளம், அதற்கு அடியில் பொந்து. மாமா ஒருதரம் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தலையை உள்ளே கொடுத்தார். உள்ளே போனால் அவரால் திரும்ப முடியாது. திரும்பினால் தோள் இடித்துப் பவளம் உடையும், அல்லது தோள் சிக்கிக்கொள்ளும். வெளியே வர ஒரே வழிதான், கால்பிடி இழுக்க வேண்டும்.

அவன் காலைப் பிடித்தான், கயிற்றைப் பிடித்தான். கொஞ்ச நேரம் போயிற்று. கண் சும்மா இருக்குமா? கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிளைப்பவளம். அதன் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை, புது வெள்ளை. நேற்று மேய்ந்தது. வெள்ளை இருந்தால் அடியில் தின்னி இருக்கும். குனிந்து பார்த்தான். இருந்தன, ஒரே கொத்தாக.

மேலே போனதும் எல்லார் முன்னாலும் கையை விரித்துக் காட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. இடுக்கி இல்லாமலே இத்தனை என்று மாமாவின் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். முதலில் கயிற்றை ஒரு பாறை முனையில் மாட்டினான். கால் இன்னும் கையில்தான் இருந்தது. வலது கையுறையைப் பல்லால் கழற்ற முடியாது, வாயில் காற்றுக் குழாய் இருக்கிறது. அதனால் காலை ஒரு கணம் விட்டுக் கையுறையைக் கழற்றினான், திரும்பவும் பிடித்துக்கொண்டான். விரலால் ஒன்றைப் பிய்த்தான். இரண்டு. மூன்று. கழற்றிய கையுறைக்குள்ளேயே போட்டான். நான்காவது கிளைகளுக்கு நடுவில் இருந்தது. ஒரு கையால் கிளையை ஒதுக்கினால்தான் இன்னொரு கை நுழையும்.

ஒரே நிமிஷம்தானே என்று காலை விட்டான்.

தின்னி லேசில் பிடியை விடாது. அழுத்திப் பிடித்துத் திருகினால்தான் வரும். பவளக் கிளை விரலைக் கிழித்தது, அவனுக்கு அது உறைக்கவில்லை. பதினொன்றாவதைக் கையுறைக்குள் போட்டுவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினான்.

மாமாவின் கால்கள் இரண்டும் கொஞ்சம் விரிந்து, தண்ணீர் ஆட்டியபடி ஆடிக்கொண்டிருந்தன. அவருக்குப் பின்னால், குதிகால் எட்டிய இடமெல்லாம், பவளக் கிளை நுனிகள் உடைந்து மணலில் கிடந்தன. பத்துப் பதினைந்து நுனிகள் இருக்கும். ஆறு வருடத்தில் ஒரு நுனியைக்கூட உடைக்காத மனிதர். படகு காற்றுக்குச் சுழன்றதில் காற்றுக் குழாய் மேசைப் பவளத்தின் விளிம்புக்கு அடியில் நழுவிப் போய் நசுங்கியிருந்தது.

இழுத்தான். அலறிக்கொண்டே இழுத்தான். தண்ணீருக்குள் அலறினால் யாருக்குக் கேட்கும்?

படகில் மெஷின் அண்ணன் மாமாவின் நெஞ்சை அழுத்தினார், வாயில் ஊதினார், "எழுந்திருடா ராஜா, எழுந்திருடா" என்று கெஞ்சினார். மற்றவர்கள் எஞ்சினைக் கிளப்பிக் கரைக்கு விரட்டினார்கள். கால்பிடி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். மடியில் கையுறை, கையுறைக்குள் பதினொன்று. அதைக் கடலில் கொட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒரு உதறல் போதும். ஆனால் பொறுக்கிய தின்னியைத் திருப்பிக் கடலில் போடுவதா? அந்தப் படகில் ஐந்து வருடம் இருந்த எவனுடைய கையும் அதைச் செய்யாது. கை தன்பாட்டில் நீண்டது. மாமாவின் இடுப்பிலிருந்து கழற்றிப் போட்டிருந்த நான்காம் நம்பர் பாட்டிலின் மூடியைத் திறந்து, பதினொன்றையும் உள்ளே தட்டி, மூடியை இறுக்கித் திருகி வைத்தது. யாரும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நிலையத்து வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மெஷின் அண்ணனைக் கேட்டார். "முள்ளு திடீர்னு ஏறுச்சுங்க. குழாய் எங்கேயோ அடைச்சுக்கிச்சுன்னு தெரிஞ்சு போச்சு. கயித்தைச் சுண்டினேன். ஒரு தடவை இல்ல, நிறுத்தாம சுண்டினேன்."

அதிகாரி கால்பிடியின் பக்கம் திரும்பினார். "உனக்குக் கயிறு சுண்டினது தெரிஞ்சுதா?"

"இல்லீங்க. சுண்டல் எதுவும் வரல."

இரண்டே வாக்கியம். மெஷின் அண்ணன் அவனையே பார்த்தார். "தம்பி, சுண்டினேன்டா. பாருடா என் கையை." இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார், தோல் உரிந்து சிவந்திருந்தது. படகுக்காரன் கை வேறு எப்படி இருக்கும் என்று அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அஜாக்கிரதையால் உயிர் போனதாக வழக்கு, தினமும் காவல் நிலையத்தில் போய்க் கையெழுத்து. ஒருநாள் நிலையத்து வாசலில் அவர் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டபோது, அக்கா அவர் முகத்தில் துப்பினாள். "நீ உருப்படுவியா? முள்ளைப் பார்க்கத் துப்பில்லாத உனக்கு எதுக்குய்யா மெஷின்?" அவர் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றார். தம்பிதான் அக்காவைத் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான்.

அக்கா தம்பியை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அதுதான் கொடுமை. முதல் நாளே அவனுடைய வலது கை விரல்களைப் பார்த்துவிட்டு, அவரை இழுக்கும்போது பட்ட காயம் என்று அவளாகவே முடிவு செய்து, அழுதுகொண்டே மருந்து போட்டுவிட்டாள். "நீ பக்கத்துல இருந்தும் முடியலைன்னா, யாராலயும் முடிஞ்சிருக்காதுடா" என்றாள். அவன் கையை உருவிக்கொண்டு எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒரே நிமிஷம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு நிமிஷத்தில் யாருக்கு என்ன செய்திருக்க முடியும்? பிடித்துக்கொண்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பத்து நாளும் இதையே மென்றான்.

பதினோராம் நாள் சாப்பிடும்போது அக்கா சொன்னாள். "நாளைலேர்ந்து வேலைக்குப் போறேன். வீட்ல உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும். அவரோட கடைசி பாட்டில் இன்னும் ஃப்ரீசர்லயே இருக்காம். வேற யாரையாவது அளக்கச் சொல்லவான்னு மேடம் கேட்டாங்க. நான் விடல. அவர் கடைசியா பொறுக்கினது, நான்தான் அளப்பேன்னு சொல்லிட்டேன்."

அவன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு விளையாட்டு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

இடுக்கியால் எடுக்கும்போது தின்னியின் ரோஜாப் பூச்சில் வெள்ளையாக ஒரு கீறல் விழும். மாமாவின் இடுக்கியில் ஒரு பல் உடைந்து போயிருந்தது. புதிது தருகிறோம் என்றாலும் வாங்க மாட்டார், கைக்குப் பழகியது என்பார். அதனால் அவர் எடுத்த தின்னியில் மட்டும் கீறல் இரட்டைக் கோடாக விழும். அக்கா அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நம்பாத பயல்கள் ஒருநாள் மூன்று பாட்டில்களை ஒரே தட்டில் கலந்து கொட்டி, "எங்க, பிரிங்க பார்ப்போம்" என்றார்கள். அவள் டீ ஆறுவதற்குள் புருஷனுடையதை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. "இவகிட்ட ஒண்ணையும் மறைக்க முடியாதுடா சாமி" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் இவன்தான்.

படகில் அந்தக் கை பாட்டிலைத் திறந்தபோது இது ஞாபகம் வந்திருக்கக் கூடாதா?

அவனுக்குத் தூக்கம் போயிற்று. விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினான். அக்கா ஒன்பது மணிக்குத்தான் வருவாள். அளவறைச் சாவி எங்கே மாட்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். பாட்டிலைத் திறந்து, கீறல் இல்லாத பதினொன்றையும் எடுத்துவிட்டால் போதும். அவ்வளவுதான், அதோடு ஒழிந்தது. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு நடந்தான்.

அளவறைக் கதவு திறந்திருந்தது. குழாயைத் திறந்து விட்டு, தண்ணீருக்கு அடியில் நான்காம் நம்பர் பாட்டிலை உருட்டிக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். ஐஸ் கரைந்து கொண்டிருந்தது.

"உனக்கும் தூக்கம் வரலையா?" என்றாள் திரும்பாமலே. "நல்லதாப் போச்சு. உக்காரு. நான் அளந்து சொல்றேன், நீ எழுது. என்னால ரெண்டும் முடியாது, கண்ணு மறைக்குது."

மேசைமேல் பதிவேடு விரித்திருந்தது. தேதி அவள் எழுதியே வைத்திருந்தாள், அந்த நாளின் தேதி. நம்பர் என்ற கட்டத்தில் நான்கு. அவன் பேனாவை எடுத்தான். வேறு என்ன செய்ய?

அக்கா தட்டில் கொட்டினாள். ஈரமாக, சின்னச் சின்னதாக, எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. முதலாவதை எடுத்து விளக்குக்கு நேராகத் திருப்பினாள். இரட்டைக் கோடு. அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டு வெர்னியரில் வைத்தாள்.

"இருபத்தாறு."

எழுதினான்.

"முப்பத்தொண்ணு. இது கிழவி. எவ்வளவு தின்னிருக்கும்."

எழுதினான். பதிவேட்டில் ஒரு சொட்டு விழுந்ததை அக்கா பார்த்தாள், பார்த்துவிட்டு அவளுக்கும் கண் நிறைந்தது. "அழாதடா" என்றாள். "எழுது."

இப்படியே ஏழெட்டு போயிற்று. அடுத்ததை எடுத்து விளக்கில் காட்டினாள். திருப்பினாள். இன்னொரு பக்கம் திருப்பினாள். ஒன்றும் சொல்லாமல் தட்டின் இடது ஓரத்தில் தனியாக வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். "இருபத்தி மூணு" என்றாள்.

 பேனா மட்டும் எழுதிக்கொண்டே போயிற்று. இடது ஓரத்தில் இரண்டு ஆயிற்று, மூன்று ஆயிற்று. அக்கா ஒவ்வொன்றையும் வைக்கும்போது தட்டில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் குரல் மாறிக்கொண்டே வந்தது. முதலில் இருந்த அழுகை போய்விட்டது. கடைசியில் எண்களை மட்டும் சொன்னாள், கணக்கு வாத்தியார் சொல்வதைப் போல வறட்சியாக.

"முடிஞ்சுது. எத்தனை?"

"நாற்பத்தி மூணு."

"நாற்பத்தி மூணும் அவர் எடுத்தது." வெர்னியரைக் கீழே வைத்தாள். "இந்தப் பதினொண்ணு யார் எடுத்தது?"

அவன் பேனாவின் மூடியைத் தேடினான்.

"ஒண்ணுல கூட இடுக்கி படல. பூச்சு அப்படியே இருக்கு. இது விரலால எடுத்தது." அவள் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து அவனுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நுனிகளில் காயம் ஆறித் தோல் உரிந்துகொண்டிருந்தது. அவள் மருந்து போட்ட அதே விரல்கள். "இழுக்கிறப்போ ரெண்டு கையிலயும் கையுறை இருந்திருக்கணுமேடா. வலது கையில மட்டும் எப்படி காயம்? நான் ஒரு மடச்சி, ஊதி ஊதி மருந்து போட்டேன்."

"அக்கா..."

"கயிறு எங்க இருந்துச்சு?"

"பாறையில மாட்டியிருந்தேன்."

"அப்ப அந்த மனுசன் சுண்டினாரா இல்லையான்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"கால்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். அவள் விரல் ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது.

"கால் எங்கடா இருந்துச்சு?"

"விட்டுட்டேன்க்கா. ஒரு நிமிஷம்தான். சத்தியமா ஒரே நிமிஷம்தான்க்கா. அவர்கிட்ட காட்டணும்னு... என் கை சரியில்லன்னு மேடத்துகிட்ட சொல்லிட்டாருக்கா..."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அக்கா அவன் தாடையை விட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். அவன் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். பதிவேட்டில் நாற்பத்து மூன்றுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்குக் கீழே அதே தேதியை மறுபடியும் எழுதினாள். நம்பர் என்ற கட்டத்தில் ஏழு என்று எழுதினாள். எத்தனை என்ற கட்டத்தில் பதினொன்று.

"நம்பர் கேட்டியாமே. இந்தா, எழுதிட்டேன்."

அவன் அதைப் பார்த்தான். அவள் கையெழுத்து எப்போதும்போல் அழகாக இருந்தது. 

அக்கா செருப்பை மாட்டினாள். "மேடம் எட்டரைக்கு வருவாங்க. இந்த நோட்டை நீயே அவங்க கையில குடுத்துச் சொல்லணும். நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன். நான் இப்ப மெஷின் அண்ணன் வீட்டுக்குப் போறேன். அந்த மனுசன் மூஞ்சியில துப்பினேன்டா நான். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தே."

வாசல்வரை போனவள் நின்றாள்.

"அந்தப் பதினொண்ணுக்கும் அளவு எழுதல. கட்டத்தைக் காலியா விடக்கூடாது. நீயே அளந்து எழுது. ஒரு நிமிஷம்னு சொன்னியே, அதையும் அளந்து பாரு."

போய்விட்டாள். அவள் செருப்புச் சத்தம் படியிறங்கி, சரளைக்கல் பாதையில் கொஞ்ச தூரம் கேட்டு, அப்புறம் நின்றது.

சுவரில் கடிகாரம் ஏழு இருபது காட்டியது. அவன் வெர்னியரை எடுத்தான். பழக்கமில்லாத கை, இரண்டு முறை நழுவியது. முதலாவது இருபத்து நான்கு. எழுதினான். இரண்டாவது பத்தொன்பது. மூன்றாவதைத் திருப்பிப் பிடித்தபோது அதன் பூச்சு எவ்வளவு வழவழப்பாக, பழுதில்லாமல் இருந்தது என்று தெரிந்தது. நான்காவதை எடுக்கும்போது, இந்த இடத்தில்தான் காலை விட்டோம் என்று நினைவு வந்தது. வேகமாக அளந்தான். ஐந்து, ஆறு. அவசரப்பட்டான், யாரோ காத்திருப்பதுபோல அவசரப்பட்டான். ஒவ்வொன்றையும் எடுத்து, வைத்து, அளவைப் பார்த்து, எழுதி, அடுத்ததற்குக் கை நீட்டினான். இன்னும் முடியவில்லை. இன்னும் இரண்டு இருந்தது. இன்னும் ஒன்று.

பதினொன்றாவதை எழுதி முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு இருபத்து நான்கு.

நான்கு நிமிடம். அளப்பதற்கே நான்கு நிமிடம், அதுவும் இவ்வளவு அவசரமாக. பொறுக்குவது இதைவிட மெதுவான வேலை.

"இவ்வளவு நேரமா?" என்றான் வாய்விட்டு. "இவ்வளவு நேரமா உதைச்சீங்க மாமா?"

பிறகு பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, மேடம் வருவதற்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்திருந்தான்.